காதலருக்குக் குரல் கொடுத்த சனிக்கிழமைகள்

நான் ஓய்வு பெறப்போகிறேன் என்று தெரிந்ததும், எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பிள்ளைகள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னைச் சுற்றி இருந்துகொண்டு கேட்டார்கள்: இவ்வளவு காலமும் பள்ளிக்கூடக் காதல் படங்களுக்கே தமிழ் எழுதினீர்களே மிஸ், அலுக்கவில்லையா என்று. அலுக்கவில்லை என்றேன். அதற்கு மேல் சொல்ல அந்த இடத்தில் முடியவில்லை. இப்போது வீட்டில் இருக்கிறேன். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே எங்கள் மாடிவீடு. ரயில் போகும்போது மட்டும் எழுதுவதை நிறுத்துகிறேன், மேசை ஆடும். மற்றப்படி எழுத நேரம் நிறைய உண்டு.

எங்கள் வேலை, வெளிநாட்டுப் படங்களைத் தமிழ்க் குரலில் மாற்றி சனிக்கிழமை பின்னேரம் ஒளிபரப்புவது. இளம் பிள்ளைகள் பார்க்கும் நேரம் என்பதால் பள்ளிக்கூடப் படங்களாகத்தான் வாங்குவார்கள். எந்த நாட்டிலிருந்து வந்தாலும் கதை ஏறக்குறைய ஒன்று. பெரிய பாடசாலை. காரில் வந்து இறங்கும் பெண். அதே பாடசாலையைத் தாய் கூட்டித் துடைப்பதாலோ, பந்தடியில் கெட்டிக்காரன் என்பதாலோ அங்கே இடம் கிடைத்த பையன். முதலில் சண்டை, நடுவில் ஒரு மழை. பிறகு பெண்ணின் தகப்பன் கதவைத் திறந்து நீளமாக ஒரு வசனம் பேசுவார். கடைசியில் பாடசாலை விழா. எல்லோரும் கைதட்ட இருவரும் ஆடுவார்கள். பையனின் தாய்க்கு எந்தப் படத்திலும் நாலைந்து வரிக்கு மேல் இருக்காது. சாப்பிட்டியா, கவனமாப் போ, அவர்கள் பெரிய ஆட்கள். அவ்வளவுதான். அந்தத் தாயின் பகுதியை நான் தேத்தண்ணீர் ஆறுவதற்குள் எழுதி முடித்துவிடுவேன்.

அந்தப் பையன்கள் பெண்ணின் வீட்டு மதில் ஏறிக் குதிப்பார்கள். ஊரடங்கிய தெருவில் சைக்கிள் ஓடுவார்கள். ஒருவரும் அடையாள அட்டை கேட்பதில்லை. ஒலிப்பதிவு முடிந்து பஸ்ஸில் வரும்போது எங்களை இரண்டு சோதனைச்சாவடியில் இறக்கி, அட்டை பார்த்து ஏற்றுவார்கள். குரல் கொடுத்த பிள்ளைகள் அதை வைத்துப் பகிடி விடுவார்கள்: "உந்த ஹீரோ எங்கட பக்கம் மதில் ஏறியிருந்தா படம் பத்து நிமிசத்தில முடிஞ்சிருக்கும்."

நான் இதற்கென்று படித்து வந்தவள் அல்ல. வானொலியில் செய்தி மொழிபெயர்த்தேன், எண்பத்துமூன்றுக் கலவரத்தோடு அது நின்றது, கலியாணம் கட்டினேன், வெகுநாள் கழித்து மகள் பிறந்தாள், அவள் பாலர் வகுப்புக்குப் போகத் தொடங்கியபோது இந்த வேலை கிடைத்தது. மிச்சமெல்லாம் ரபீக் சேரிடம் படித்தது.

ரபீக் சேர் எங்கள் பிரிவுத் தலைவர். தெஹிவளையில் வீடு. வானொலி நாடகத்தில் தொடங்கிய மனிதர், ஆனால் 'இருக்கு' என்பது அவர் வாயில் 'ஈக்கு' என்றுதான் வரும். எந்த நாளும் வெள்ளை முழுக்கைச் சட்டை, கையை மடிக்கமாட்டார். ஒலிப்பதிவின்போது திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருப்பார். படத்தைப் பார்த்தால் காது சோம்பல்படும் என்பது அவருடைய எண்ணம். ஒரு வரி பொய்யாகக் கேட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார். திட்டமாட்டார். கண்ணாடி கழன்றால் மறுபடி எடுக்கவேண்டும் என்று உள்ளே நிற்பவர்களுக்குத் தெரியும். நன்றாக வந்தால், "பிளேன்டீ ஒண்டு குடிப்போம்" என்பார். அதற்கு மேலான பாராட்டை அவரிடம் எவரும் வாங்கியதில்லை.

வேலை முறையையும் கொஞ்சம் சொல்லவேண்டும். முதலில் படத்தைத் துண்டு துண்டாகப் போட்டுப் பார்த்து, யாருடைய வாய் எங்கே திறக்கிறது, எங்கே உதடு மூடுகிறது என்று குறித்துக்கொள்வேன். மூடும் இடத்தில் தமிழிலும் உதடு மூடவேண்டும். பிறகு வசனம் எழுதி மேசையில் விரலால் தட்டித் தட்டி நீளம் பார்ப்பேன். ஒலிப்பதிவு அறைக்குள் போகுமுன் பெண் பிள்ளைகள் வளையலைக் கழற்றிக் கதவடியில் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் தட்டில் போடவேண்டும். தாளைப் புரட்டக்கூடாது, சத்தமில்லாமல் பக்கத்தில் நகர்த்தவேண்டும். ஆகக் கஷ்டமான வரி காதலைச் சொல்லும் வரிதான். ஆங்கிலத்தில் அது மூன்று சின்னச் சொல், சொல்லி முடியும்போது வாய் குவிந்து நிற்கும். 'உன்னில எனக்கு விருப்பம்' என்று எழுதினால் நீளம் கூட, கடைசியில் உதடு வேறு மூடுகிறது. சேர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். சொல்பவரின் முகம் தெரியாத இடத்துக்கு, கேட்பவரின் முகம் மட்டும் தெரியும் இடத்துக்கு அந்த வரியைத் தள்ளிவிடுவார். எங்கள் படங்களில் காதலைச் சொன்ன ஒருவருடைய முகத்தையும் பார்வையாளர் பார்த்திருக்கமாட்டார்கள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அதை யார் தொடங்கியது என்று தெரியாது. பணக்காரப் பெண்ணுக்கும் அவள் வீட்டாருக்கும் யாழ்ப்பாணச் சாயலில் தமிழ். ஏழைப் பையனுக்கும் அவன் தாய்க்கும், டிரைவர், சமையல்காரருக்கும் தேயிலைத் தோட்டத்துத் தமிழ். எந்த நாட்டு ஏழையாக இருந்தாலும் எங்கள் திரையில் அவன் மலையகத்தான். ஒரு முறையும் இதைப் பற்றி அறையில் பேச்சு வந்ததில்லை. வளையல் தட்டைப் போல அதுவும் அங்கேயே இருந்தது.

நான் வேலையை விடுவதற்கு முந்திய வருடம் ஒரு படம் வந்தது. வழக்கமான கதைதான், ஆனால் பிள்ளைகள் இருவரும் நிறையக் கதைப்பார்கள். எங்களுக்கு வழமையாகப் பெண் குரல் கொடுத்த பிள்ளை அந்த மாதம் கனடாவுக்குப் போய்விட்டது. ஒளிபரப்புக்கு நாள் குறித்தாயிற்று. சேர் என்னைப் பார்த்து, "உங்கட மக முந்தி ஒரு நாள் இங்க வந்து பேசினது நினைவு ஈக்கு. கூட்டிக்கொண்டு வாங்க" என்றார். என் மகள் ஆரணிக்குப் பதினேழு வயது. உயர்தரம் படிக்கிறாள். அவளுடைய அப்பா தோஹாவில் கணக்காளர், வெள்ளிக்கிழமைகளில் ஃபோன் எடுப்பார். படிப்புக் கெடும் என்று நான் இழுத்தேன். அவள் அதற்குள் உடுப்பு மாற்றிவிட்டாள்.

பையனுக்குக் குரல் தினேஷ். கொட்டாஞ்சேனையில் இருந்து வருவான். ஆரணியைவிட இரண்டு வயது கூட, உயர்தரச் சோதனையை மறுபடி எடுக்க இருந்தவன். தகப்பன் மாரிமுத்து புறக்கோட்டையில் மூட்டை இறக்குகிறவர். தாய் இல்லை. தோட்டத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து வன்னிக்குப் போய், அங்கேயும் நிற்க முடியாமல் கொழும்புக்கு வந்த குடும்பம். பாடசாலை நாடகமொன்றில் இவன் பேசியதைக் கேட்டு சேர் கூட்டிவந்தார். எங்களோடு எங்களைப் போலவே கதைப்பான். தகப்பனோடு ஃபோனில் கதைக்கும்போது மட்டும் பேச்சு மாறிவிடும்.

முதல் நாள் ஒத்திகையில் தினேஷ் தாளை வாசித்துவிட்டு மறுபடி முதல் வரிக்குப் போனான். நான் அவனுக்கு எழுதியிருந்தது தோட்டத் தமிழ். ஆரணிதான் கேட்டாள். "அம்மா, இவை ரெண்டு பேரும் ஒரே வகுப்பு. பிறகு ஏன் இவன் மட்டும் வேற மாதிரிக் கதைக்கிறான்?" ஏழை என்று விளங்கவேண்டாமா என்றேன். "உடுப்பைப் பார்க்க விளங்குதுதானே" என்றாள்.

நான் சேரைப் பார்த்தேன். அவர் திரைக்கு முதுகு காட்டியபடியே இருந்தார். தினேஷைக் கேட்டார்: "நீங்க ஸ்கூல்ல எப்பிடிப் பேசுவீங்க?" மற்றவர்கள் போலத்தான் என்றான் தினேஷ். வேறு மாதிரிப் பேசினால் பின்வாங்கில் இருந்து நக்கல் வரும் என்றும் சொன்னான். சேர், "ரெண்டு பேருக்கும் ஒரே தமிழ் போடுங்க, மிஸிஸ் யோகநாதன்" என்றார். நான் இரண்டு நாள் இருந்து பையனின் பகுதி முழுவதையும் திருப்பி எழுதினேன்.

படம் போன பிறகு வெள்ளவத்தையில் இருந்து ஓர் அம்மா தொலைபேசியில் குறைப்பட்டார், அந்தப் பொடியன் எங்கட பிள்ளையள் மாதிரிக் கதைக்கிறான், இது பிழையான உதாரணம் என்று. மலையகத்து ஹற்றனில் இருந்து எடுத்த ஒருவர், பையனுக்குக் குரல் கொடுத்தது யார், எந்த ஊர் என்று மட்டும் கேட்டு, சொன்னதும் நன்றி சொல்லி வைத்தார்.

ஆனால் அதற்கு முன் நடந்ததுதான் எனக்கு முக்கியம். எங்களிடம் நல்ல மைக் ஒன்றுதான் இருந்தது. காதலர் பேசும் காட்சிகளை இருவரும் ஒரே மைக்குக்கு இரு பக்கமும் நின்று பேசவேண்டும் என்பது சேரின் பிடிவாதம். நான் வெளியே கண்ணாடிக்கு இப்பால், ஹெட்ஃபோனோடு. முதல் சனிக்கிழமை இருவரும் சண்டைக் காட்சிகள் பேசினார்கள். மைக்கை அணைத்த பிறகும் சண்டை ஓயவில்லை. அவன் வரிகளை முழுங்குகிறான் என்று அவள், அவள் மூச்சு ஊதுகிறாள் என்று அவன். அடுத்த கிழமை அவள் வெள்ளனவே வெளிக்கிட்டு நின்றாள். அதற்கடுத்த கிழமை, பாடசாலைச் சுவருக்குப் பின்னால் அந்தப் பெண் சொல்லும் வரி ஒன்று: 'நீ வராட்டிலும் நான் இதிலதான் நிப்பன்.' அதைச் சொல்லும்போது திரையைப் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் வாயசைப்புத் தவறும். ஆரணி திரையைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள். வரி ஒரு மயிரிழை தப்பாமல் திரையில் இருந்த பெண்ணின் வாயில் போய் விழுந்தது.

ஹெட்ஃபோனில் மூச்சும் கேட்கும், எச்சில் விழுங்குவதும் கேட்கும். மகளின் தொண்டையில் அப்படியொரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. சேரைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியில் கை வைக்கவில்லை. பிளேன்டீக்கு எழும்பி வந்தவர் நடையில் என் பக்கத்தில் நின்று, மெல்லிய குரலில் சொன்னார்: "அது நடிப்பில்ல, மிஸிஸ் யோகநாதன். ஆனா எடுத்தது நல்லா ஈக்கு. வெச்சுக்கொள்ளுவோம்."

அன்றிலிருந்து எனக்கு நித்திரை குறைந்தது. அடுத்த படத்துக்கு வேறு பெண்ணைத் தேடிப் பிடித்தேன். சனிக்கிழமைகளில் ஆரணிக்கு இரசாயனவியல் ரியூசன் போட்டேன். அவள் எதிர்க்கவில்லை. எதிர்க்காதது இன்னும் பயமாக இருந்தது. இருவரும் ஃபோனில் குறுஞ்செய்தி அனுப்பிக்கொள்கிறார்கள் என்று தெரியும். எங்கேயும் சந்தித்ததாகத் தெரியவில்லை. பையனில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் தொல்லை. குறை இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு கோபப்பட்டிருக்கலாம். எங்கள் சொந்தக்காரர் எல்லோரும் இந்த ஒரே வீதிக்குள் இருக்கிறார்கள். என்ன சொல்வார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அந்த மாதிரி வசனங்களைத்தான் பணக்காரத் தகப்பன்மாருக்கு நான் எழுதி வந்திருக்கிறேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை தினேஷ் ஒலிப்பதிவுக்கு வரவில்லை. முதல் நாள் இரவு கொட்டாஞ்சேனையில் அவர்கள் வாடகைக்கு இருந்த ஒழுங்கையைப் பொலிஸார் சுற்றிவளைத்து, ஆண்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பொலிஸில் பதிந்த துண்டு இருந்தவர்களைக் காலையில் விட்டுவிட்டார்கள். மாரிமுத்துவையும் விட்டார்கள். தினேஷை விடவில்லை. அவனுடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் கிளிநொச்சி என்று இருந்தது. அது இயக்கத்தின் கையில் இருந்த வன்னி ஊர்.

ரபீக் சேர் விடிந்ததும் பொலிஸ் நிலையத்துக்குப் போயிருக்கிறார். பத்து மணிபோல எனக்கு ஃபோன் எடுத்தார். அவர் அவசரப்பட்டு நான் கேட்டதில்லை, அன்றைக்கும் வார்த்தைகள் நிதானமாகத்தான் வந்தன. வேலையிடக் கடிதம் கேட்டார்கள், எங்கள் அலுவலகம் அவன் நாட்கூலிக் குரல், எங்கள் ஊழியன் இல்லை என்று சொல்லிவிட்டது. தானே பொறுப்பு நிற்கிறேன் என்றார், வேலையிடத்துப் பழக்கம் போதாது என்றுவிட்டார்கள். "அவன் வந்து போற வீட்டாள் யாராவது ஈந்தா வரச் சொல்லட்டாம். கொழும்புல நிரந்தரமா ஈக்கிற ஆள். பின்னேரம் மேலிடத்துக்கு அனுப்பப் போறாங்களாம். அனுப்பினா எங்க எண்டு பிறகு தேடேலா." என்னைப் போகச் சொல்லவில்லை.

அனுப்பப்பட்டவர்களைத் தேடித் திரிந்த தாய்மாரை எனக்குத் தெரியும். எங்கள் மாடியிலேயே ஒருவர் இருந்தார்.

ஆரணி ரியூசனுக்குப் போயிருந்தாள். நான் வீட்டு உறுதிப்பத்திரம், மின்சாரக் கட்டணத் துண்டு, எங்கள் குடும்பப் பதிவு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஓட்டோ பிடித்தேன்.

பொலிஸ் நிலையத்தில் ஒரு நடுவயது அதிகாரி இருந்தார். மேசையில் பாதி குடித்த தேநீர். எங்கள் பேச்சு முழுக்கச் சிங்களத்தில். முரட்டு மனிதர் இல்லை, இரவு முழுக்கத் தூங்காத முகம். என் கடதாசிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "மே லமயா நோனாட்ட கவுத?" என்று கேட்டார். இந்தப் பிள்ளை உங்களுக்கு யார் என்று.

என்னோடு வேலை செய்கிற பிள்ளை என்றேன். அதைத்தான் காலையில் வந்த பெரியவரும் சொன்னார் என்றார். எங்கள் வீட்டுக்கும் வந்து போகிறவன் என்றேன். எழுதப் போனவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அவர் அப்போது சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "நோனா, நான் யாழ்ப்பாணத்திலும் வேலை செய்திருக்கிறேன், ஹற்றனிலும் வேலை செய்திருக்கிறேன். உங்களுடைய ஆட்கள் இந்தத் தோட்டத்து ஆட்களை வீட்டுக்குள் கூப்பிட்டு இருத்துவதில்லை. எனக்குத் தெரியும். வெள்ளவத்தையில் சொந்த வீடு, கணவர் வெளிநாட்டில். இந்த மூட்டைக்காரனின் மகனுக்காக நீங்கள் ஓடி வருகிறீர்கள் என்றால், உங்களை யாரோ அனுப்பியிருக்கவேண்டும். யார் அனுப்பியது?"

அவர் சொன்னதில் பொய் இருக்கவில்லை. அது உண்மையாக இருப்பதுதான் இந்தப் பிள்ளையை உள்ளே வைத்திருந்தது. நான் ஒரு நல்ல மனுசி, இரக்கப்பட்டு வந்தேன் என்றால் அவர் நம்பமாட்டார். இன்னும் ஏதாவது யோசித்துச் சொல்ல முயன்றால் நானும் உள்ளே அவனுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டி வரும். உள்ளறைக் கதவு சற்றுத் திறந்திருந்தது. தினேஷின் கால்கள் தெரிந்தன, செருப்பில்லாமல்.

"இவன் என் மகளைக் கட்டப்போகிறவன்" என்றேன்.

அதிகாரி பேனையை எடுக்கவில்லை.

"பிள்ளைகள் விரும்பிவிட்டார்கள். நாங்களும் சம்மதித்துவிட்டோம். மகளின் உயர்தரச் சோதனை முடியக் கலியாணம்."

மகளின் வயது கேட்டார், சொன்னேன். கணவருக்குத் தெரியுமா என்றார், தெரியும் என்றேன். அழுதீர்களா என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஓம், நிறைய அழுதேன் என்றேன். அது மட்டும் முழு உண்மை. அப்போதுதான் அவருடைய முகம் இளகியது. தனக்கும் மகள் இருக்கிறாள் என்றார். பேனையை எடுத்தார். எழுதி முடித்து என்னிடம் கையெழுத்து வாங்கி, உள்ளே திரும்பிச் சத்தமாகச் சொன்னார், வெளியே வா, உன்னுடைய மாமியார் வந்திருக்கிறார் என்று. அங்கே நின்ற கான்ஸ்டபிள்மார் சிரித்தார்கள்.

தினேஷ் வெளியே வந்தான். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெளியே மதிலோடு மாரிமுத்து நின்றார். அன்றைக்குத்தான் அவரை முதன்முதல் பார்க்கிறேன். மகனின் முகத்தைக் கையால் தொட்டுப் பார்த்தார், பிறகு அவனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார். வாசல் கான்ஸ்டபிள் அவருக்கு எல்லாம் சொல்லியிருந்தான்.

"அம்மா, எம் மகன வெளிய கொண்டார நீங்க ஒரு வார்த்த சொன்னீங்க. அது அந்த எடத்துக்குச் சொன்னது. அத நாங்க புடிச்சிக்கிட்டு நிக்க மாட்டோம். நீங்க பயப்படாமப் போங்க."

கடதாசிப் பையை அணைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன்.

ஆரணிக்கு அதற்குள் செய்தி போயிருந்தது. வாசலிலேயே நின்றாள். என்ன சொல்லி அவனை வெளியில எடுத்தனீங்கள் என்று கேட்டாள். சொன்னேன். அவள் கட்டிப்பிடிப்பாள் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்திருந்தேன். அவள் போய்க் கதிரையில் இருந்தாள்.

"அம்மா, எனக்குப் பதினேழு வயசு. அவனை எனக்குப் பிடிக்கும். கலியாணம் கட்டுவனோ எண்டு எனக்கே தெரியாது. இனி அவன் எப்பிடி என்னோட சண்டை பிடிப்பான்? நீங்கள் அவன்ர உயிரைக் காப்பாத்தின ஆள். அவனுக்கு என்னைப் பிடிக்காமப் போனாலும் வாய் திறந்து சொல்லமாட்டான்."

அழுதாள். நான் அவளுடைய காதலுக்குப் பயந்து இத்தனை நாள் நித்திரை இல்லாமல் கிடந்தேன். அந்தக் காதலை விட்டு விலகவும் அவளுக்கு இடம் வேண்டும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. நான் எழுதிய படம் எதிலும் அப்படி ஒரு வரி வந்ததில்லை.

அடுத்த கிழமை நடுவில் ஒரு கான்ஸ்டபிள் விசாரிக்க வந்தார். நான் குசினியில் நின்றேன், கதவைத் திறந்தது ஆரணி. நீர்தானா அந்தப் பையனைக் கட்டப்போகிற பிள்ளை என்று சிங்களத்தில் கேட்டார். என் கையில் கரண்டி அப்படியே நின்றது. அவள், ஓம், சோதனை முடிய என்றாள். நல்ல குணமா என்று கேட்டார். கோபக்காரன், ஆனால் நல்லவன் என்றாள். கான்ஸ்டபிள் சிரித்துக்கொண்டு கொப்பியில் குறித்துவிட்டுப் போனார். கதவைச் சாத்தியவள் என் பக்கம் திரும்பினாள். "அது அவன் வெளியில இருக்கிறதுக்குச் சொன்ன ஓம். மற்ற ஓமோ இல்லையோ நாங்கள் ரெண்டு பேரும் கதைச்சுச் சொல்லுவம். அதுவரைக்கும் நீங்கள் ஒருத்தரிட்டையும் ஒண்டும் சொல்லக்கூடாது."

அப்பாவிடம் சொல்லத்தானே வேண்டும் என்றேன். அவரிடம் மட்டும் என்றாள்.

வெள்ளிக்கிழமை அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். "பொடியன் வீட்டை வந்திட்டானோ?" என்று கேட்டார். வந்துவிட்டான் என்றேன். "அப்ப சரி. மிச்சத்தை நான் வந்து கதைக்கிறன்." அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும் போல.

அந்த ஞாயிற்றுக்கிழமை தினேஷும் தகப்பனும் நன்றி சொல்ல வந்தார்கள். ஆரணி, இவனுக்குக் கன்னம் வீங்கினபடியால் இனி அப்பா வேசத்துக்குத்தான் குரல் குடுக்கலாம் என்றாள். அவன், நீ இப்பவும் அம்மம்மா வேசத்துக்குத்தான் என்றான். இரண்டு பேரும் பல்கனிக்குப் போனார்கள். அங்கே ஏதோ பரீட்சைக் கேள்வியைப் பற்றித் தர்க்கம் தொடங்கிவிட்டது. அவன் அவளை எதிர்த்துப் பேசுவதைக் கேட்க எனக்கு நிம்மதியாக இருந்தது.

மாரிமுத்து கதிரையின் முன்பக்கத்தில் மட்டும் இருந்தார். நான் தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். எங்களுக்கு என்ன கோப்பையோ அவருக்கும் அதே கோப்பை. இரண்டு கையாலும் வாங்கி, ஊதி ஊதி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். மகனுக்கு மாமா ஒருவர் ஹற்றனில் இருக்கிறார், சோதனை முடிந்ததும் கொஞ்ச நாள் அங்கே அனுப்பப் பார்க்கிறேன் என்றார். பிறகு எழும்பினார். போகத்தான் எழும்புகிறார் என்று நினைத்தேன். அவர் வெறும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்து, "தண்ணிக் கொழா எந்தப் பக்கம்மா? கழுவி வச்சிர்றேன்" என்றார்.

குடித்த கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போக எங்களைப் போன்ற வீடுகள் எத்தனை அவரைப் பழக்கியிருக்கும் என்று தெரியவில்லை. நான் போய்க் கோப்பையைப் பிடித்தேன். அவர் உடனே விடவில்லை. இருக்கட்டும்மா, பழக்கந்தான் என்றார்.

"இஞ்ச வேண்டாம்" என்றேன்.

பல்கனியில் ஆரணி ஏதோ விடை பிழை என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள், தினேஷ் சரி என்று நின்றான். அவர்கள் எங்கள் பக்கம் திரும்பவில்லை. மாரிமுத்து கோப்பையை விட்டார்.